பாட்டில் ஏற்றுவதற்கு முன் பழைய சீட்டைக் காட்டுங்கள்

"டாக்டரம்மா, பொண்ணுக்கு பிரஷர் இறங்கிக்கிட்டே போவுது. ஒரு பாட்டில்கூட வேகமா ஏத்தாம வெச்சிருக்கீங்களே?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, அச்சமே இருந்தது. அன்றிரவு நான் சொன்ன பதில் மிகச் சுருக்கமானது; நின்று விளக்க நேரம் இருக்கவில்லை. அவரிடம் அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். லூபஸ் முதலான நோய்களுக்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு மாதந்தோறும் வந்துபோகும் குடும்பங்கள் இதைப் படித்து வைத்திருப்பது நல்லது. என்றாவது ஓரிரவில் இது அவர்களுக்குத் தேவைப்படலாம்.

அந்தப் பெண்ணின் ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி அவருடைய கதையைக் கூறுகிறேன். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தவர். முப்பது வயதை நெருங்குபவர். ஆறு ஆண்டுகளாக லூபஸ் நோய்க்கு மருந்து உட்கொண்டு வருபவர். நான்கு நாள் காய்ச்சலுக்கு வேறோரிடத்தில் நாளொன்றுக்கு மூன்று பாட்டில் சலைன் ஏற்றியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது முகமும் கைகால்களும் வீங்கியிருந்தன. இரத்த அழுத்தம் 80/50. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 130. காலையிலிருந்து சிறுநீர் மிகக் குறைவாகவே பிரிந்திருந்தது. உடம்பெங்கும் நீர் கோத்திருக்க, இரத்தக் குழாய்களுக்குள் மட்டும் நீர்ப் பஞ்சம். முரண்பட்டதாகத் தோன்றும் இந்த நிலைக்குத்தான் நுண்குழாய்க் கசிவு என்று பெயர்.

நம் உடலில் தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றின் சுவர் முற்றிலும் அடைபட்ட சுவரன்று. உணவும் உயிர்வளியும் திசுக்களைச் சென்று சேர வேண்டுமாதலால், நீர் சிறிது வெளியே கசிவதும் மீண்டு வருவதும் இயல்பே. ஆல்புமின் என்னும் புரதம் குழாய்க்குள் தங்கியிருந்து நீரைத் தன்பால் பிடித்துவைக்கிறது என்பதை இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் 1896-ல் எழுதியவற்றிலிருந்து மருத்துவ உலகம் கற்றது. குழாயின் உட்புறத்தில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று பூசினாற்போல் இருப்பதையும், அது சிதைந்தால் ஆல்புமினே வெளியேறிவிடும் என்பதையும் பிற்காலத்தில் அறிந்தோம். ஆல்புமின் வெளியேறினால் நீரும் அதன்பின் போகும். இரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும், சிறுநீரகம் பட்டினி கிடக்கும்.

லூபஸ், டெர்மட்டோமயோசைட்டிஸ், ஷோகிரன் நோய், சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றை இணைப்புத்திசு நோய்கள் என்கிறோம். இவற்றில் உடலின் காவற்படை தன் வீட்டார்மீதே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் தோலிலோ மூட்டிலோ சிறுநீரகத்திலோ நிகழ்வதே வழக்கம். மிக அரிதாக, நுண்குழாய்களின் உட்சுவரே இலக்காகி, உடல் முழுவதும் ஒரே சமயத்தில் கசியத் தொடங்குகிறது. எந்தக் காரணமும் புலப்படாமல் இத்தகைய கசிவு திரும்பத் திரும்ப வந்த ஒரு பெண்ணைப் பற்றி அமெரிக்காவில் கிளார்க்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1960-ல் எழுதினார்கள். காரணமற்ற அந்த வகை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நம்மிடம் வருபவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இனி, பாட்டில்.

நம் ஊர்களில் சிகிச்சை என்பதன் கண்கண்ட அடையாளம் தலைமாட்டில் தொங்கும் பாட்டில்தான். சோர்வு என்றால் பாட்டில், காய்ச்சல் என்றால் பாட்டில், வெளியூரிலிருந்து மகன் வந்து பார்க்கும்போது பாட்டில் தொங்கவில்லையெனில் மருத்துவமனையே எதுவும் செய்யவில்லை என்ற மனக்குறை. இதற்கு மக்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்தவர்கள் நாங்கள்தான். கேட்டவுடன் ஏற்றி அனுப்புவது, உட்கார்ந்து விளக்குவதைவிட எங்களுக்கு எளிதாக இருந்தது. பாட்டிலின் பெருமையும் பொய்யானதன்று. 1832-ல் ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது, தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் சாகும் தறுவாயில் இருந்தவர்களின் சிரைக்குள் உப்புநீரைச் செலுத்தினார். அவர்களுள் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். காலராவில் நீர் உடலைவிட்டே வெளியேறுகிறது. போனதைத் திருப்பித் தந்தால் உயிர் திரும்புகிறது.

நுண்குழாய்க் கசிவில் நீர் உடலைவிட்டுப் போவதில்லை; இடம் மாறுகிறது. இதை எங்கள் பகுதியில் பயிர் செய்பவர்களுக்கு விளக்குவது கடினமன்று. தென்பெண்ணையிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் கரை பல இடங்களில் உடைந்திருக்கும்போது மதகை அகலத் திறந்துவிட்டால் ஏரி நிரம்பிவிடுமா? வழியிலுள்ள தெருக்களிலும் வீடுகளிலும்தான் நீர் புகும். உடைப்பை அடைக்கும் வரை, கடைமடையில் பயிர் கருகிப்போகாத அளவுக்கு மட்டும் நீர் விட்டுக் காத்திருப்பார் விவரம் தெரிந்தவர். உடலில் அந்தத் தெரு நுரையீரல். அந்த வீடு வயிறும் இதயத்தைச் சுற்றிய உறையும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் முதுநிலைப் படிப்பின்போது, ஓர் இரவுப் பணியில் கற்றேன். லூபஸ் நோயுள்ள ஓர் இளம்பெண், அழுத்தம் விழுந்திருந்தது, உடல் வீங்கியிருந்தது. அழுத்தம் விழுந்தால் நீர் ஏற்று என்பதே அன்று எங்கள் கைக்குறிப்பில் இருந்த முதல் வரி. ஏற்றினேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அழுத்தம் பத்துப் புள்ளி உயர்ந்து அரைமணி நேரத்தில் மீண்டும் விழுந்தது. உயர்ந்ததைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, விழுந்ததன் பொருளை யோசிக்கவில்லை. விடிவதற்குள் நான்கு லிட்டருக்கு மேல் போயிருந்தது. அவருடைய நுரையீரல் நிரம்பியது. செயற்கைச் சுவாசம் வைத்தோம். இரண்டாம் நாள் அவர் இறந்தார். நீரைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதி கூற முடியாது. அவருடைய நோய் மிகக் கடுமையாக இருந்தது. ஆயினும் அந்த நான்கு லிட்டரை நான் மறக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, 2011-ல், ஆப்பிரிக்காவின் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. கடுங்காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகளில் சிலருக்கு வேகமாகச் சலைன் அல்லது ஆல்புமின் ஏற்றினார்கள். சிலருக்கு அப்படி ஏற்றாமல் பராமரிப்புக்கு வேண்டிய நீரை மட்டும் தந்தார்கள். வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல். ஏற்றாதவர்களில் ஏழு பேர். தீவிர சிகிச்சை வசதியற்ற இடங்களில், பெரும்பாலும் மலேரியா போன்ற தொற்று கண்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அது. லூபஸ் நோயாளருக்கு அதை அப்படியே பொருத்துவது தவறு. ஆனால் பாட்டில் தீங்கற்றது, ஏற்றினால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்ற நம் எண்ணத்தை அந்த எண்கள் உடைத்துவிட்டன. பாட்டிலும் ஒரு மருந்தே. அதற்கும் அளவு உண்டு, வேளை உண்டு, பக்கவிளைவு உண்டு.

உடனே, "டெங்குவுக்கு ஏற்றுகிறீர்களே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டெங்குவிலும் நிகழ்வது இதே கசிவுதான். புதுச்சேரியில் மழைக்காலம் கண்ட எவருக்கும் அது புதிதன்று. அங்கே கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க, இரத்தத்தின் கெட்டித் தன்மையைச் சில மணி நேரத்துக்கொரு முறை அளந்து, தேவைப்படும் அளவுக்கு மட்டும் நீர் தருகிறோம். இணைப்புத்திசு நோயின் கசிவுக்கு அப்படியொரு கெடு இல்லை. அடிப்படை நோய் அடங்கும்வரை அது தொடரலாம்; மூன்று நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். கெடு தெரியாத உடைப்புக்கு மதகைத் திறந்துகொண்டே இருக்க முடியாது.

கசிவுதான் என்று கண்டுபிடிப்பதில்தான் பெரிய இடர். லூபஸ் நோயாளரின் உடல் வீங்குவதற்குக் காரணங்கள் பல. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆல்புமின் சிறுநீர் வழியே ஒழுகினாலும் வீங்கும். இதயம் தளர்ந்தாலும் வீங்கும். சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போகவில்லை, இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது, ஆயினும் ஆல்புமின் குறைந்திருக்கிறது, அழுத்தம் விழுந்திருக்கிறது, இரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது என்ற நிலையில்தான் நுண்குழாய்க் கசிவை நினைக்கிறோம். இந்தக் கடைசி அடையாளம் லூபஸ் நோயாளரிடம் எளிதில் ஏமாற்றிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு வந்த இரவில் ஹீமோகுளோபின் 13.3, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. 41. ஆய்வகத் தாளில் இரண்டும் இயல்பு என்றே அச்சாகியிருந்தன. இளநிலை மருத்துவரும், "இரத்தம் நன்றாக இருக்கிறது மேடம்" என்றார். அப்போதுதான் அவருடைய தாய் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். துணிக்கடைப் பை. அதற்குள் ஆறு ஆண்டுத் தாள்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல், மளிகைக் கணக்குச் சீட்டுகளோடு. ஐந்து மாதங்களுக்கு முந்தைய பரிசோதனைத் தாள் ஒன்று கிடைத்தது: ஹீமோகுளோபின் 9.1, பி.சி.வி. 28. லூபஸ் நோயாளர் பலரைப்போல அவருக்கும் நெடுநாளாக இரத்தசோகை. அவருடைய இயல்பு 28, இன்று 41. சிவப்பணுக்கள் ஐந்தே மாதத்தில் இவ்வளவு பெருக எந்தக் காரணமும் இல்லை. அணுக்கள் அங்கேயே இருக்க, அவை மிதக்கும் நீர்தான் வற்றியிருக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கின்படி குழாய்களிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வெளியேறியிருக்க வேண்டும். இரண்டு நாளாக ஏற்றிய ஆறு பாட்டிலுக்குப் பின்னும் இந்த நிலை!

அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அன்றிரவு நாங்கள் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கிறேன். கிருமித் தொற்றால் விழுந்த அழுத்தம் என்று எண்ணி, வழக்கம்போல் வேகமாக நீர் ஏற்றியிருப்போம். ஸ்கேனும் மற்றப் பரிசோதனைகளும் பிற்பாடு உண்மையைச் சொல்லியிருக்கும், ஆனால் பிற்பாடு.

அதற்கடுத்த சிக்கல், குடும்பத்தாரைப் பெரிதும் குழப்புவது. "ஒரு டாக்டர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க ஊசி போடுகிறார், இன்னொருவர் கிருமியைக் கொல்ல ஊசி போடுகிறார், இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையா?" என்று அந்தப் பெண்ணின் அண்ணன் செவிலியரிடம் கேட்டாராம். ஒத்துப்போய்த்தான் இரண்டையும் தந்தோம். கசிவை உண்டாக்குவது லூபஸ் என்றால், உயர் அளவு ஸ்டீராய்டு தந்து அந்தச் சீற்றத்தை அடக்க வேண்டும். உண்டாக்குவது கிருமி என்றால், ஸ்டீராய்டு மட்டும் தருவது தீயில் நெய் வார்ப்பதாகிவிடும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவருக்கு இரண்டில் எதுவும் நேரலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். நெல் வயல்களும் புதர்களும் சூழ்ந்த வில்லியனூர், பாகூர் பகுதிகளில் உண்ணிக் காய்ச்சலையும் எலிக் காய்ச்சலையும் மறந்துவிடக் கூடாது. அவையும் குழாய்களைக் கசியவைப்பவை. உண்ணிக் காய்ச்சலில், சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பின் அடியிலோ இருந்தால் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், அதைப் பார்த்த மாத்திரத்தில் டாக்சிசைக்ளின் தொடங்கலாம்.

அந்தப் பெண்ணிடம் பொருக்கு இல்லை. டெங்குப் பரிசோதனையிலும் எதுவும் இல்லை. ஆனாலும் இரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவு வரும்வரை கிருமிக்கொல்லிகளை நிறுத்தவில்லை. லூபஸ் சீறியிருப்பதற்கான அடையாளங்கள் இரத்தத்தில் வலுவாக இருந்தன. அதற்குக் காரணமும் மெல்ல வெளிவந்தது. ஸ்டீராய்டால் முகம் உருண்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, மூன்று வாரங்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. முகம் மாறுவதன் வேதனை கண்ணாடி பார்ப்பவருக்குத்தான் தெரியும். அந்த வேதனையை எங்களிடம் சொல்லும் துணிவை அவருக்கு நாங்கள் தரவில்லை என்பதே என் வருத்தம். சொல்லியிருந்தால் வேறு மருந்தைச் சேர்த்து ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்திருக்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், நோய் சீறுவது ஒருபுறமிருக்க, உடல் தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் சுரக்காமல், அந்தக் காரணத்தாலேயே அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். ஆகவே அழுத்தம் விழுந்து வருபவர் ஸ்டீராய்டு உட்கொள்பவரா, எப்போது குறைத்தார் என்ற விவரம் முதல் ஐந்து நிமிடத்திலேயே எங்களுக்குத் தெரிய வேண்டும்.

சிகிச்சையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இணைப்புத்திசு நோயில் வரும் நுண்குழாய்க் கசிவு மிக அரிது. உலகெங்குமுள்ள மருத்துவர்கள் எழுதிவைத்த தனித்தனி நோயாளர் அறிக்கைகளையும், கிளார்க்சன் வகை நோயாளரிடம் பெற்ற அனுபவத்தையும், டெங்கு கற்பித்த பாடங்களையும் சேர்த்துத்தான் நாங்கள் முடிவெடுக்கிறோம். அடிப்படை நோயை அடக்குவதே முதன்மை: உயர் அளவு மெத்தில்பிரட்னிசலோன், தேவைப்பட்டால் சைக்ளோபாஸ்பமைடு போன்ற வலிய மருந்து. அழுத்தத்தைத் தாங்க நீரைவிட நார் அட்ரினலின் என்னும் மருந்தை அதிகம் சார்கிறோம். அது குழாய்களைச் சுருக்கி, இருக்கும் இரத்தத்தைக்கொண்டே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஓட்டம் தருகிறது. நீரைச் சிறு அளவுகளில், ஒவ்வொரு முறையும் பயன் பார்த்துத் தருகிறோம். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லி சிறுநீர் பிரிந்தால் எங்களுக்கு அது போதும். மேலும் நீர் ஏற்றி அதை 100 ஆக்க முயல மாட்டோம். வெளியே நிற்பவர்களுக்கு இது அலட்சியம்போலத் தோன்றும். உண்மையில் அந்த இரவுகளில்தான் செவிலியர் மணிக்கொரு முறை அளவுக் குடுவையைக் கையில் எடுத்துக் குறிக்கிறார்.

ஆல்புமின் வாங்கிவரலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது வாங்கிவருகிறோம் என்பார்கள். 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டிலில் இருப்பது 20 கிராம் புரதம். கசிவு உச்சத்தில் இருக்கும்போது அதுவும் கசிந்துபோகும். ஆயினும் சில மணி நேரம் தாங்கிப்பிடிக்க உதவுவதுண்டு. நாங்கள் கேட்டால் ஏற்பாடு செய்யுங்கள். கேட்காதபோது அடகுக் கடைக்குப் போகாதீர்கள். முட்டையின் வெள்ளைக்கரு தந்தால் ஆல்புமின் ஏறுமா என்ற கேள்வியும் தவறாமல் வரும். உணவாக அது நல்லதே. ஆனால் கரை உடைந்திருக்கும்போது ஏரிக்குள் எதை ஊற்றினாலும் நிற்காது. இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்து கிளார்க்சன் வகையில் மீண்டும் மீண்டும் கசிவு வருவதைத் தடுக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. நம் நோயாளரிடம் அதற்கு அத்தனை வலுவான ஆதாரம் இல்லை. கிலோவுக்கு இரண்டு கிராம் என்ற கணக்கில் ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 100 கிராம் வேண்டும். அதன் விலையைத் தாங்கக்கூடிய குடும்பம் இங்கே அரிது. மற்றவை பலன் தராதபோதும், தொற்றுக்கு அஞ்சி வலிய மருந்துகளைத் தர இயலாதபோதும் அதைப் பரிந்துரைப்பேன். முதல் நாளே எழுதிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. இதில் என்னோடு உடன்படாத நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் நாள் அந்தப் பெண்ணின் அழுத்தம் நின்றது. பி.சி.வி. 33-க்கு இறங்கியது. குடும்பத்தார் முகத்தில் சிரிப்பு வந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை அவருக்கு மூச்சுத் திணறியது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்பது மட்டுமே எனக்கு ஆறுதல். கசிவு அடங்கியதும் திசுக்களில் தேங்கிய நீரெல்லாம் குழாய்களுக்குத் திரும்புகிறது. முதல் நாட்களில் எவ்வளவு ஏற்றினோமோ அவ்வளவும் இப்போது கணக்குக் கேட்டுக்கொண்டு வருகிறது. இந்த இரண்டாம் கட்டத்தில் இறந்தவர்கள் உண்டு. சிறுநீரைப் பெருக்கும் ஊசியும் மூக்கில் உயிர்வளியும் போதுமாயிருந்தன; செயற்கைச் சுவாசம் தேவைப்படவில்லை. வீக்கம் இருக்கும் நாட்களில் கையோ காலோ கல்லைப்போல இறுகித் தாங்க முடியாமல் வலித்தால், அது சாதாரண வீக்கமன்று. உள்ளே தசை நெரிபடுகிறது. எந்த நேரமானாலும் செவிலியரை எழுப்புங்கள்.

எந்த மருந்து அவரைக் காப்பாற்றியது என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டீராய்டாக இருக்கலாம், ஏற்றாமல் விட்ட நீராகவும் இருக்கலாம். ஆனால் எல்லா முடிவுகளுக்கும் முதற்படி அந்தப் பழைய சீட்டு. அதனால் இந்த மருத்துவமனையின் முன்னும், இப்பகுதியில் லூபஸ் முதலான நோய்களைக் கவனிக்கும் எல்லா மருத்துவர்கள் முன்னும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு நோயாளரிடமும் தமிழில் ஒரே ஒரு பக்கம் இருக்க வேண்டும். நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்தும் அளவும், குறிப்பாக ஸ்டீராய்டு, நோய் அமைதியாக இருக்கும் நாளில் அவருடைய ஹீமோகுளோபின், பி.சி.வி., தட்டணு எண்ணிக்கை, ஆல்புமின், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம், எடை. ஆய்வகம் அச்சிடும் இயல்பு ஊராருக்குப் பொதுவான இயல்பு. இது அவருடைய இயல்பு.

கணினி யுகத்தில் காகிதமா என்பார்கள். 2020-ல் தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கத்தை முன்னோட்டமாகத் தொடங்கிய ஆறு ஒன்றியப் பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. அதை நான் வரவேற்கிறேன். அடையாள எண் பெறாதவர்கள் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் நிலவரையில் ஒரு தனித்தன்மை உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லைக்கோடு இன்றும் வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஓர் ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மீண்டும் புதுச்சேரி. இங்குள்ள நோயாளர் ஒருவர் ஒரே ஆண்டில் ஊர் நலவாழ்வு மையத்துக்கும், ஜிப்மருக்கும், விழுப்புரத்துக்கோ கடலூருக்கோ, நடுவே ஒரு தனியார் மருத்துவமனைக்கும் போகிறார். இவை அனைத்தின் கணினிகளும் ஒன்றோடொன்று பேசும் நாள் வரட்டும். இரவு இரண்டு மணிக்கு, மின்சாரம் போன நேரத்தில், முகம் தெரியாத மருத்துவர் ஒருவர் படிக்க வேண்டியது ஒரு பக்கம்தான். அதைக் கையெழுத்தில் நிரப்ப எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. புறநோயாளர் நாளில் அறுபது பேர் காத்திருக்கையில் ஆறு நிமிடம் எங்கே கிடைக்கும் என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் வேண்டாம், நாளொன்றுக்கு ஐந்து பேருக்கு எழுதுவோம் என்பதே என் பதில்.

எங்கள் பிரிவில் இதைத் தொடங்கிவிட்டோம். அடுத்த முறை வரும்போது உங்களிடமுள்ள தாள்களையெல்லாம் எடுத்துவாருங்கள். அடுக்க வேண்டியதில்லை, எந்தப் பையில் இருந்தாலும் சரி. மளிகைச் சீட்டுகளை நாங்களே பிரித்தெடுத்துக் கொடுத்துவிடுகிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு, பக்கத்தின் மேல்மூலையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுத் தருகிறோம். காய்ச்சலோடு எங்கே போனாலும், கையில் ஊசி குத்துவதற்கு முன் அந்தச் சிவப்புக் கோட்டுத் தாளை நீட்டினால் போதும்.

அந்தப் பெண் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். சென்ற வாரம் பி.சி.வி. 29. முகத்தின் உருண்டை சற்றே குறைந்திருக்கிறது. மஞ்சள் பையை இன்னும் தாயார்தான் சுமந்துவருகிறார். மகளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவாளாம்.